எட்டில் பாதி விட்டு

சென்னைப் புத்தகக் காட்சியில் சிறுவர் நூல்கள் மட்டும் விற்கும் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அப்பா, கூட ஒரு சிறுமி. இரண்டாம் வகுப்பு படிப்பவளாக இருக்கலாம். ஒரு பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கினார். பின்னட்டையைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், நடுவில் இரண்டு பக்கம் புரட்டினார். அப்புறம் கடையில் இருந்த பையனிடம், “இதுல என்ன தம்பி நீதி இருக்கு?” என்று கேட்டார். பையன் திணறிவிட்டான். “பாட்டு சார்… நல்லா இருக்கும் சார்” என்றான். அந்தப் பதில் போதவில்லை. புத்தகம் அடுக்குக்கே திரும்பிப் போனது. அப்பா அடுத்த மேசையிலிருந்து ஒரு நீதிக்கதைத் தொகுப்பை எடுத்தார். கெட்டி அட்டை, ஒவ்வொரு கதைக்கும் கீழே கட்டம் கட்டி ஒரு நீதி. பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர், பிள்ளைக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்கத்தான் செய்வார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அவர் திருப்பி வைத்த புத்தகம் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு மாற்றி மாற்றி இரண்டு விதமாகப் பதில் எழுதியவர் என்பது என் எண்ணம். அதில் ஒரு பதில் மட்டும் பிழைத்திருக்கிறது. எது, ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பிள்ளையின் காதில் முதலில் விழும் இலக்கியமே உத்தரவுதான். ஆத்திசூடியின் 109 வரியும் இதைச் செய், அதைச் செய்யாதே என்றுதான் பேசுகின்றன. பிழை சொல்லவில்லை, அவ்வையின் சுருக்கம் வேறு யாருக்கும் வராது. பாரதி வந்து பாப்பாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். குரலில் கனிவு வந்தது, இலக்கணம் மாறவில்லை. ஓடி விளையாடு, கூடி விளையாடு, பொய் சொல்லக் கூடாது, காலை எழுந்தவுடன் படிப்பு. சின்னஞ்சிறு குருவி போலப் பறந்து திரிவதைக்கூட ‘நீ பறந்து வா’ என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. கவிமணியிடம்தான் முதன்முதலாக ஒரு பசு எந்தக் கடமையும் இல்லாமல் தோட்டத்தில் மேய்கிறது. கன்றுக்குட்டி துள்ளுகிறது, பால் குடிக்கிறது, பாட்டு முடிந்துவிடுகிறது. அதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. பார்த்தால் போதும். வள்ளியப்பாவின் நல்ல பாட்டுகள் எல்லாம் அந்தத் தோட்டத்து வாசல் வழியாக வந்தவை என்றே நினைக்கிறேன்.

காசாளர் வேலை

புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922 நவம்பர் 7 அன்று பிறந்தவர். நகரத்தார் குடும்பம். பதினெட்டு வயதுவாக்கில், 1940-ல் சென்னைக்கு வந்து ‘சக்தி’ பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். அதை நடத்திய வை. கோவிந்தனும் அதே ராயவரத்துக்காரர். சேர்ந்தது எழுதுகிற வேலைக்கு இல்லை, கணக்குப் பார்க்கிற காசாளர் வேலைக்கு. அங்கே ஆசிரியராக இருந்த எழுத்தாளர் தி.ஜ. ரங்கநாதன்தான், நீயும் எழுது என்று தூண்டினார். அப்படி எழுதிய முதல் கதைக்கு ‘ஆளுக்குப் பாதி’ என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்த வருடமே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. 1941-லிருந்து 1982-ல் ஓய்வு பெறும்வரை 41 வருடம் வங்கிக்காரர்தான். நடுவில் சில காலம் தென்னிந்திய மொழிகள் புத்தக நிறுவனத்தில் போய் வேலை பார்த்தார். அதைத் தவிர்த்தால் பகலெல்லாம் வரவு செலவு, எழுத்தெல்லாம் மிச்ச நேரத்தில். ‘முழு நேர எழுத்தாளர்’ என்ற ஏக்கம் எழுதுகிறவர்களிடம் இப்போது நிறைய இருக்கிறது. என்னிடமும் உண்டு. ஆனால் தமிழில் பிள்ளைகளுக்கு எழுதி அதில் மட்டும் சாப்பிட முடியும் என்ற நிலை அன்றைக்கும் கிடையாது. வேலையை விட்டிருந்தால் அவர் பெரியவர்களுக்குத் தொடர்கதை எழுதப் போயிருக்க வேண்டும். சம்பளம் வந்ததால்தான் கடைசிவரை குழந்தைகளோடேயே இருக்க முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

முதல் பாட்டுத் தொகுப்பு ‘மலரும் உள்ளம்’ 1944-ல் வந்தது. மொத்தம் 23 பாட்டு. இருபத்திரண்டு வயதுகூட நிறையாத ஒரு குமாஸ்தா, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகளுக்கென்று 23 பாட்டைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். அந்த நாற்பதுகளும் ஐம்பதுகளும் சிறுவர் பத்திரிகைகள் காளான் மாதிரி முளைத்த காலம். பெயர்களைச் சொன்னாலே சிரிப்பு வரும்: அணில், டமாரம், சங்கு, பூஞ்சோலை. இதில் டமாரம், சங்கு, பூஞ்சோலை, அப்புறம் பாலர் மலர் என்று பலவற்றுக்கு வள்ளியப்பா ஆசிரியர் பொறுப்பிலும் இருந்தார். பெரும்பாலானவை சில வருடங்களில் நின்றுபோயின. ஒன்று நிற்கும், அடுத்தது தொடங்கும்.

1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்க முன்னின்றவரும் அவர்தான். சங்கம் என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை உண்டு. மாலை, பொன்னாடை, நன்றியுரை. ஆனால் இந்தச் சங்கம் வேலை செய்தது. சிறுவர் நூல்களுக்கென்று கண்காட்சி நடத்தினார்கள். யார் யார் பிள்ளைகளுக்கு எழுதுகிறார்கள் என்று விவரம் திரட்டிப் புத்தகமாகவே போட்டார்கள். தன் துறையில் இருக்கிற போட்டியாளர்களின் பெயர்களையெல்லாம் தேடிப் பிடித்து அச்சிடுகிற எழுத்தாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? எழுத்தாளர்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

அந்தப் பாட்டு

சரி, பாட்டுக்கு வருகிறேன். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுதான். இருந்தாலும் அதை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்க்கலாம்.

வட்டமான தட்டு
தட்டு நிறைய லட்டு
லட்டு மொத்தம் எட்டு
எட்டில் பாதி விட்டு
எடுத்தான் மீதம் கிட்டு

மிச்சம் இருந்த நான்கையும் தங்கை பட்டு பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். கிட்டுவுக்கு நான்கு, பட்டுவுக்கு நான்கு, தீர்ந்தது எட்டு, கடைசியில் காலித் தட்டு. மொத்தமே பன்னிரண்டு வரி. பன்னிரண்டும் ‘ட்டு’ என்றுதான் முடிகின்றன. இந்த ஓசைக்காகத்தான் பிள்ளைகளுக்கு இது பிடிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஓசை மட்டும் இல்லை. வரிகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தட்டில் முடிகிறது, தட்டில் தொடங்குகிறது. லட்டில் முடிகிறது, லட்டில் தொடங்குகிறது. எட்டில் முடிந்து எட்டில் தொடங்குகிறது. அந்தாதி! பக்தி இலக்கியத்தில் நூறு பாட்டைக் கோக்கப் பயன்பட்ட கயிறு இங்கே எட்டு லட்டைக் கட்டியிருக்கிறது. நான்காம் வரி முடிந்ததும் கயிறு அறுந்துவிடுகிறது. எங்கே என்றால், ‘எடுத்தான்’ என்ற இடத்தில். கிட்டு கையை வைத்ததும் ஒழுங்கு கலைகிறது. அந்தாதி நூல் தொடங்கிய சொல்லிலேயே வந்து முடிவதை மண்டலித்தல் என்பார்கள். இந்தப் பாட்டு முதல் வரியில் தட்டைக் காட்டிக் கடைசி வரியிலும் தட்டையே காட்டுகிறது. முதலில் நிறைந்த தட்டு, கடைசியில் காலி. இதையெல்லாம் அவர் திட்டம் போட்டுச் செய்தாரா, கையோடு வந்துவிட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. யாப்பு உடம்பில் ஊறாத ஒருவருக்கு இது வராது.

கணக்கையும் கவனியுங்கள். எட்டில் பாதி என்கிறார், எவ்வளவு என்று சொல்லவில்லை. பிள்ளை மனதுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு வரி தள்ளித்தான் ‘நான்கு’ வருகிறது, விடையைச் சரிபார்த்துக்கொள்ள. கடைசியில் மொத்தம் தீர்ந்தது இவ்வளவு, மீதம் இவ்வளவு. சாயங்காலம் வங்கிப் பேரேட்டை மூடுவது போல ஒரு பைசா இடறாமல் கணக்கு முடிகிறது. வங்கிக்காரர் எழுதிய பாட்டு என்று தெரிந்தபின் அந்தக் கடைசி இரண்டு வரிகளைச் சிரிக்காமல் என்னால் படிக்க முடிவதில்லை.

அதைவிட முக்கியம், இந்தப் பன்னிரண்டு வரியில் ஏவல் வினை ஒன்றுகூட இல்லை. எடுத்தான், போட்டாள், தீர்ந்தது. நடந்ததைச் சொல்வதோடு சரி. யாரும் யாருக்கும் எதையும் சொல்லித் தரவில்லை. ‘பகிர்ந்து உண்’ என்று எங்கேயும் இல்லை. லட்டு எல்லாம் தீர்ந்துபோனதற்கு யாரும் திட்டவும் இல்லை. 1940-ல் ‘ஆளுக்குப் பாதி’ என்று தலைப்பு வைத்து எழுத ஆரம்பித்த கைக்கு, அந்தத் தலைப்பைக்கூடச் சொல்லாமல் பாதியாகப் பிரித்து வைக்கத் தெரிந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. என்னைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஒரு நாள், புத்தகக் காட்சிச் சமாசாரம் மனதில் உறுத்திக்கொண்டிருந்ததால், இந்த லட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, பத்து நிமிடம்கூடத் தாங்காது என்றுதான் நினைத்திருந்தேன். படித்து முடித்ததும் முன்வரிசையில் ஒரு பொடியன், “கிட்டு பிட்டுத் திங்கலையா? முழுசா முழுங்கிட்டானா?” என்றான். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, இது என் கண்ணில் பட்டதே இல்லை. ஆமாம், பிட்டுப் போட்டுக்கொண்டது பட்டு மட்டும்தான். கிட்டு எப்படித் தின்றான் என்று பாட்டில் இல்லவே இல்லை. “அவனுக்குப் பெரிய வாய்” என்று ஒரு குரல். “சின்ன லட்டுன்னா முழுங்கலாம்” என்று இன்னொன்று. லட்டு எந்த அளவு என்பதில் ஒரு சண்டை நடந்தது. அம்மாவுக்கு எடுத்து வைத்தார்களா என்று ஒருத்தி கேட்டாள். தட்டு காலி என்று போட்டிருக்கிறதே, அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று அவளே முடிவும் செய்தாள்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, அதுவரை வாயே திறக்காதவள், “கிட்டுதானே முதல்ல எடுத்தான்? தங்கச்சிக்குக் கம்மியா வச்சிருப்பான்னு நினைச்சேன். சரியா வச்சிருக்கான்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எங்க அண்ணன் வைக்க மாட்டான்” என்று சேர்த்துக்கொண்டாள். கூட்டத்தில் இருந்த அண்ணன்மார் சிலர் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வைப்போம், வைக்க மாட்டீர்கள் என்று ஒரே கலவரம். முதலில் எடுக்கிறவன் பாதி போட வேண்டுமா, பின்னால் எடுக்கிறவள் பாதி போட வேண்டுமா என்று ஒரு சிறுவன் ஒரு பெரிய சட்டச் சிக்கலையே கிளப்பிவிட்டான்.

இந்த நேரம் பார்த்து, எங்களோடு வந்திருந்த ஒருவர் எழுந்தார். நல்ல எண்ணம்தான், நேரமாகிறதே என்ற கவலையும் இருந்திருக்கும். “சரி பிள்ளைகளே, இந்தப் பாட்டிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?” என்று கேட்டார். கலவரம் அப்படியே அடங்கியது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து ராகத்தில், “பகிர்ந்து உண்ண வேண்டும்” என்று ஒரே குரலில் இழுத்தார்கள். அண்ணனைப் பற்றிச் சொன்ன சிறுமியும் அதே ராகத்தில் சேர்ந்துகொண்டாள். ஒரு நிமிடம் முன்னால் அவள் சொன்னது அவள் வீட்டு நியாயம். இப்போது சொன்னது யார் வீட்டு நியாயமும் இல்லை. அதன்பிறகு யாரும் லட்டைப் பற்றிப் பேசவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நீதி இல்லாத பாட்டு என்று நாம் ஒதுக்குவதில் நீதி இல்லாமல் இல்லை. அது தட்டிலேயே இருக்கிறது, நான்குக்கு நான்கு. பையனுக்கும் பெண்ணுக்கும் சமமாக. எழுதியவர் அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டதால்தான் அந்தச் சிறுமியால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. சுட்டியிருந்தால் அவளும் ராகம் இழுத்திருப்பாள்.

மற்றப் பாதி

இதை வைத்து வள்ளியப்பாவை உபதேசமே செய்யாத கவிஞர் என்று சொல்லிவிட முடியாது. நிறையச் செய்திருக்கிறார். ‘பாட்டிலே காந்தி கதை’ எழுதினார். ‘பெரியோர் வாழ்விலே’ என்று தலைவர்களின் வாழ்க்கைச் சம்பவங்களைத் தொகுத்தார். ஈசாப் கதைகளைப் பாட்டாக்கினார். நாடு விடுதலை அடைந்த சூடு ஆறாத காலம். பிள்ளைகளுக்குக் காந்தியைச் சொல்வது அந்தத் தலைமுறைக்கு ஒரு கடமையாகவே இருந்தது, அதில் வேஷம் இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த ஒன்று, நேஷனல் புக் டிரஸ்டுக்காக எழுதிய ‘நம் நதிகள்’. அது பல இந்திய மொழிகளுக்குப் போனது. நதிக்கு ஒழுக்கம் சொல்லித்தரும் வேலை இல்லாததால் அந்த உரைநடை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அறிவுரைப் பாடல்களை இன்று படிக்கும்போது, அதே யாப்பு, அதே எளிமை, இருந்தும் வரிகள் நடக்கவே மாட்டேன் என்கின்றன. முதல் இரண்டு வரியிலேயே கடைசி வரி தெரிந்துவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாட்டு இருக்கிறது, மல்கோவா மாம்பழப் பாட்டு. சேலத்து மாம்பழம், தங்க நிற மாம்பழம், அல்வா போல மாம்பழம் என்று வரிக்கு வரி நாக்கில் எச்சில் ஊற வைத்துவிட்டு, உங்களுக்கும் வேண்டுமா, ஓடி வாருங்கள், பங்கு போட்டுத் தின்னலாம் என்று முடிகிறது. லட்டுப் பாட்டில் இல்லாத ஏவல் இங்கே இருக்கிறது, ‘வாருங்கள்’. பங்கு போடுவதும் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனாலும் உறுத்தவில்லை. பழம் வைத்திருப்பவனே கூப்பிடுகிறான், அதுதான் வித்தியாசம். பங்கு போடு என்று ஒதுங்கி நின்று சொல்ல அங்கே பெரியவர் யாரும் இல்லை. உபதேசம் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை இந்தப் பாட்டு கொஞ்சம் திருத்திவிட்டது. யார் வாயில் வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

ஓய்வு பெற்றபின் அவர் ‘கோகுலம்’ சிறுவர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். நாற்பது வருடம் மிச்ச நேரத்தில் செய்த வேலை கடைசியாக முழு நேர வேலை ஆயிற்று. ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1989 மார்ச் 16 அன்று காலமானார்.

என் கையில் விட்டால் அவர் பாடல்களில் முப்பதோ நாற்பதோ பொறுக்கி ஒரு புத்தகம் போடுவேன். பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு பாட்டு, வரைபவருக்கு நிறைய இடம். பாட்டுக்குக் கீழே கட்டம் கிடையாது, ‘இப்பாடல் உணர்த்தும் கருத்து யாது’ கிடையாது, கடினச் சொல் பொருள்கூட வேண்டாம். பெற்றோருக்கு என்று முன்னுரை எழுதினால் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். இதைச் சொன்னபோது, என்னைவிட அதிகமாக வள்ளியப்பாவைப் படித்திருக்கும் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். காந்தி கதையை எடுத்துவிட்டால் அது பாதி வள்ளியப்பாதானே, அவர் எதை நம்பினாரோ அதை வெட்டிவிட்டு உனக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்வாயா என்றார். நியாயமான கேள்வி. ஆய்வு செய்கிறவர்களுக்கு முழுத் தொகுப்பு வேண்டும், நூலகத்தில் இருக்கட்டும் என்றேன். ஏழு வயதுப் பிள்ளை ஆய்வு செய்ய வரவில்லை. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டியலை அனுப்பு, எதையெல்லாம் விட்டிருக்கிறாய் என்று பார்க்கிறேன் என்றிருக்கிறார். மாம்பழம், லட்டு இரண்டையும் எழுதிவிட்டு மற்றவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.